பீங்கானில் சவரக்கத்தி: வீட்டில் செய்ய முடியுமா, எப்படித் தீட்டுவது?

ஜொகூரில் பழைய நெடுஞ்சாலை வழியாக ஆயர் ஈத்தாம் பக்கம் போய்வருபவர்களுக்குச் சாலையோரப் பானைக் கடைகள் நன்கு தெரியும். பூச்சாடி, உண்டியல், தேநீர்க் கோப்பை, நீர்ச்சாடி எனச் சுட்ட மண்ணில் செய்த பொருள்கள் வரிசையாக அடுக்கிவைக்கப்பட்டிருக்கும். இன்னொரு பக்கம், பேரங்காடிகளின் சமையல் பொருள் பகுதியில் பளபளவென்று வெள்ளையாக இருக்கும் பீங்கான் கத்திகளும் விற்கின்றன. துருப்பிடிக்காது, நீண்ட நாள் மழுங்காது என்று சொல்லி விற்கிறார்கள்.

கைவேலையில் ஆர்வமுள்ள நம் இளைஞர்களுக்கு இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. காய்கறி நறுக்கும் கத்தியைப் பீங்கானில் செய்ய முடியும் என்றால் சவரக்கத்தியையும் செய்ய முடியாதா? நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் எஃகுக் கத்தியைத் துடைத்து எண்ணெய் தடவி வைக்காவிட்டால் ஒரு வாரத்திலேயே வாய்ப்பகுதியில் துருப்புள்ளி தெரியும். பீங்கானுக்கு அந்தத் தொல்லை கிடையாது.

செய்ய முடியும் என்பதே பதில். ஆனால் எந்தப் பீங்கானில் செய்வது, எந்தக் கோணத்தில் தேய்ப்பது, செய்த பிறகு யாருக்குப் பயன்படுத்துவது ஆகிய மூன்றையும் தெரிந்துகொள்ளாமல் இறங்கினால், கையில் மிஞ்சுவது கத்தியாக இருக்காது, காயமாகத்தான் இருக்கும்.

எல்லாப் பீங்கானும் ஒன்றல்ல

ஆயர் ஈத்தாமில் விற்கும் சாடியும் சமையலறைப் பீங்கான் கத்தியும் பெயரில்தான் உறவு. சாடி என்பது களிமண், படிக மணல், பெல்ட்ஸ்பார் போன்றவற்றைப் பிசைந்து, ஏறத்தாழ 1,200 முதல் 1,300 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டது. அதனுள்ளே கண்ணாடி போன்ற பகுதி, மணல் துகள், நுண்ணிய காற்றுத் துளை எல்லாம் கலந்திருக்கும். உடைந்த கோப்பையின் விளிம்பு விரலைக் கிழிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதே விளிம்பைச் சவரத்திற்கு ஏற்றபடி மெல்லியதாகத் தேய்த்தால், துளையும் துகளும் இருக்கும் இடங்களில் பொலபொலவென்று உதிர்ந்துவிடும்.

பேரங்காடிக் கத்தி சிர்கோனியா என்ற பொருளால் ஆனது. சிர்கோன் என்ற கனிமத்திலிருந்து அதை எடுக்கிறார்கள். நம் நாட்டு ஈயச் சுரங்கங்களில் ஈயம் பிரித்தெடுத்த பிறகு எஞ்சும் ‘அமாங்’ மணலிலும் சிர்கோன் உண்டு. சுத்தப்படுத்திய சிர்கோனியா மாவுடன் சிறிதளவு இட்ரியா சேர்த்து, அச்சில் அழுத்தி, 1,400 பாகைக்கும் மேலான வெப்பத்தில் சுடுகிறார்கள். அதன் மணிகள் ஒவ்வொன்றும் அரை மைக்ரோன் அளவில் இருக்கும். ஒரு மைக்ரோன் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரோன்.

சிர்கோனியாவுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அதில் விரிசல் விழத் தொடங்கினால், விரிசலின் முனையில் உள்ள மணிகள் சற்றே உப்பி அந்த விரிசலை நெருக்கிப் பிடிக்கும். ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 1975இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் இதைப் பற்றி எழுதியபோது, பீங்கான் எஃகு என்றே சொல்லலாமா என்ற கேள்வியைத் தலைப்பாக வைத்தார்கள். ஜப்பானின் கியோசெரா நிறுவனம் 1980களில் பீங்கான் சமையல் கத்திகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று பல் மருத்துவர்கள் பொருத்தும் வெள்ளைப் பல் உறைகளும் பெரும்பாலும் இதே பொருள்தான்.

ஆகவே வீட்டில் சவரக்கத்தி செய்ய நினைப்பவர் களிமண்ணைப் பிசைய வேண்டியதில்லை; தரை ஓட்டை உடைக்கவும் கூடாது. முனை உடைந்துபோன ஒரு சிர்கோனியா சமையல் கத்தியே போதும்.

எஃகு வளையும், பீங்கான் உடையும்

பால்மரம் சீவிய குடும்பங்களில் கத்தி தீட்டும் பழக்கம் தெரியாதவர் குறைவு. கல்லில் ஒரு பக்கம் தேய்த்தால் மறுபக்கம் மெல்லிய பிசிறு எழும். விரல் நுனியால் அதைத் தடவிப் பார்த்து, கத்தியைத் திருப்பிப் போட்டுத் தேய்ப்பார்கள். பிசிறு எழுந்தால் தேய்ப்பு வாய்வரை போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள். முடிதிருத்துநர்கள் அதற்கும் ஒரு படி மேலே சென்று, தோல்வாரில் கத்தியை முன்னும் பின்னும் இழுப்பார்கள். மடங்கிக் கிடக்கும் வாயை வார் நிமிர்த்திவிடும். எஃகு உடையாமல் வளையக்கூடியது என்பதால்தான் இவ்வளவும் நடக்கிறது.

பீங்கான் வளையாது. அதில் பிசிறு எழாது. எழ வேண்டிய இடம் உடைந்து உதிர்ந்துபோகும். வெறும் தோல்வாரில் எத்தனை முறை இழுத்தாலும் பயனில்லை. சிர்கோனியாவின் கடினம் சவரக்கத்தி எஃகைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அதிகம்; உடையாமல் தாங்கும் தன்மையோ பல மடங்கு குறைவு. எஃகு கற்றுத்தந்த கைப்பழக்கத்தில் பாதியை இங்கே மறந்தாக வேண்டும்.

மீசை மயிர் எவ்வளவு மென்மையானது, அது கத்தியை என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் ‘சயன்ஸ்’ இதழில் இதற்கு விடை தந்தார்கள். எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையான மயிர், சவரத்தின்போது வளைந்து கத்தியின் வாயைப் பக்கவாட்டில் தள்ளும்போது, எஃகின் ஓரமே நுண்ணிய சில்லாகப் பெயர்கிறது என்பதை நுண்ணோக்கியில் கண்டார்கள். வளையக்கூடிய எஃகுக்கே இந்த நிலை என்றால் வளையாத பீங்கானுக்கு எவ்வளவு கவனம் தேவை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இது புதிய அனுபவமும் அல்ல. மெக்சிகோவின் ஆஸ்டெக் மக்கள் ஒப்சிடியன் என்னும் எரிமலைக் கண்ணாடிச் சில்லால் முகம் மழித்ததை 16ஆம் நூற்றாண்டு ஸ்பானியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். சில்லு மிகக் கூர்மையானது. ஆனால் விரைவில் மழுங்கிவிடும், அதை எறிந்துவிட்டு இன்னொன்றை எடுப்பார்கள்.

கோணக் கணக்கு

மடக்குச் சவரக்கத்தியைக் கல்லில் வைக்கும்போது கோணத்தைக் கை தீர்மானிப்பதில்லை. கத்தியின் தடித்த முதுகுதான் தீர்மானிக்கிறது. முதுகும் வாயும் ஒன்றாகக் கல்லைத் தொட வேண்டும். வாயிலிருந்து முதுகுவரை அகலம் 18 மில்லிமீட்டர், முதுகின் தடிமன் 5 மில்லிமீட்டர் என்றால், வாயின் மொத்தக் கோணம் சுமார் 16 பாகை. எஃகுச் சவரக்கத்திகள் பெரும்பாலும் இந்த அளவை ஒட்டியே இருக்கும்.

சமையல் பீங்கான் கத்தியின் தகடு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தடிமன்தான். அதை அப்படியே 18 மில்லிமீட்டர் அகலத்தில் படுக்கவைத்துத் தேய்த்தால் கோணம் சுமார் 6 பாகைக்கு இறங்கிவிடும். அவ்வளவு மெல்லிய பீங்கான் வாய் முதல் இழுப்பிலேயே உதிரும். பீங்கானுக்கு எஃகைவிடச் சற்றே தடித்த கோணம் நல்லது. 20 பாகை வைத்துக்கொள்ளலாம்.

நினைவில் வைக்க எளிய கணக்கு இது: அகலத்தை 0.28ஆல் பெருக்கினால் 16 பாகைக்குத் தேவையான முதுகுத் தடிமன் கிடைக்கும், 0.35ஆல் பெருக்கினால் 20 பாகைக்கு உரியது. 18 மில்லிமீட்டர் அகலத்திற்கு 20 பாகை வேண்டுமானால் முதுகு 6.3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். தகடு 2 மில்லிமீட்டர். இரு பக்கமும் 2 மில்லிமீட்டர் எஃகுப் பட்டை ஒட்டினால் 6 ஆகிறது. பட்டையின் மேல் பக்கத்திற்கு ஓர் அடுக்கு வயர் டேப் ஒட்டினால், ஒன்று சுமார் 0.15 மில்லிமீட்டர் என்பதால், கணக்கு 6.3இல் நேராக வந்து நிற்கும்.

செய்யும் முறை

முதலில் பாதுகாப்புக் கண்ணாடி, என்95 முகக்கவசம், தடித்த கையுறை மூன்றையும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். சிறு பிள்ளைகள் நடமாடாத இடமாகப் பார்த்து உட்காருங்கள்.

1. தகட்டில் 60 முதல் 70 மில்லிமீட்டர் நீளத்திற்கு மார்க்கர் பேனாவால் குறியிடுங்கள். விரிசல் தெரியும் பகுதியைத் தவிர்த்துவிடுங்கள். வெட்டுவதற்கு வைரத் துகள் பதித்த சிறு வட்டத் தகடு வேண்டும். மின்கலத்தில் இயங்கும் கைக்கருவியை மெதுவான வேகத்தில் வைத்து, வெட்டும் இடத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். சுவரில் செருகும் மின்கருவியைத் தண்ணீரோடு பயன்படுத்தக் கூடாது. சிர்கோனியா வெப்பத்தை எளிதில் கடத்தாது. உலர வைத்து வெட்டினால் ஓரிடம் மட்டும் சூடேறி விரிசல் விடும்.

2. நான்கு மூலைகளையும், குறிப்பாக முகத்தில் படக்கூடிய முன்மூலையை, வைரத் தட்டில் தேய்த்து உருட்டிவிடுங்கள். சவரத்தில் பெரும்பாலான கீறல்கள் கூரான முன்மூலையால்தான் ஏற்படுகின்றன.

3. முதுகின் இரு பக்கமும் எஃகுப் பட்டைகளை எபோக்சி பசையால் ஒட்டி ஒரு முழு நாள் காயவிடுங்கள். பட்டை வாய்க்கு இணையாக இருப்பதை அளவுகோலால் சரிபாருங்கள். முனையில் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் கோணம் நீளவாட்டில் மாறிப்போகும்.

4. பிடிக்காக பீங்கானில் துளையிட முயல வேண்டாம். அடியில் பிளவு விட்ட மரப்பிடியில் பசை போட்டுச் செருகுவதே எளிது. ஜப்பானியரின் மரபுச் சவரக்கத்தியும் மடங்காத நேர்க்கத்திதான். மடக்க முடியாது என்பதால் மூடி வைக்க உறை கட்டாயம்.

5. இனி தேய்ப்பு. சிர்கோனியாவை வீட்டு அம்மியோ சாதாரணத் தீட்டுக்கல்லோ அசைக்காது, கல்தான் தேயும். வைரத் துகள் பதித்த தட்டு தேவை. 400 எண் தட்டை நனைத்து, முதுகும் வாயும் ஒன்றாகப் படும்படி வைத்து, எடையைப் போடாமல் தேயுங்கள். இப்பக்கம் பத்து இழுப்பு, அப்பக்கம் பத்து இழுப்பு. தகடு மொண்ணையாக இருந்தால் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் அகலத்திற்குச் சரிவு விழ வேண்டும். அது பல மணி நேர வேலை, அவசரம் உதவாது. டேப் தேய்ந்தால் உடனே மாற்றுங்கள். இல்லாவிட்டால் பட்டை தேய்ந்து கோணம் இறங்கும்.

6. பிசிறு எழாததால் விரலால் தடவி அறிய வழியில்லை. சரிவில் மார்க்கர் மை தடவி நான்கு இழுப்பு இழுங்கள். வாய்வரை மை அழிந்திருந்தால் தேய்ப்பு சேர்ந்துவிட்டது. விளக்கொளியில் வாயை நேருக்கு நேர் பாருங்கள். வெள்ளைப் புள்ளியாக ஒளி தெரிந்தால் அங்கே பள்ளம் இருக்கிறது. நகைக்கடையில் பயன்படுத்தும் சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி இங்கே மிகவும் உதவும்.

7. 400 எண் தட்டின் வைரத் துகள் சுமார் 40 மைக்ரோன் பருமன். அது விட்ட பள்ளங்களை 1,000 எண் தட்டும், அது விட்டவற்றை வைரத் துகள் பூசிய மெருகுத் தாள்களும் நீக்க வேண்டும். 9, 3, 1 மைக்ரோன் என வரிசையாகத் தாள்களைக் கண்ணாடிச் சில்லின் மேல் ஒட்டி, வாய் பின்னால் வரும்படி மட்டும் இழுங்கள். வாயை முன்னால் தள்ளினால் தாள் கிழியும். ஒவ்வொரு படியிலும் முந்தைய கீறல் முழுவதும் மறைந்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். ஒரு படியிலிருந்து அடுத்ததற்குப் போகும் முன் கத்தியையும் கையையும் கழுவுவது நல்லது. ஒரே ஒரு தடித்த துகள் ஒட்டிக்கொண்டு வந்தாலும் வாய் பழுதாகும்.

8. கடைசியில் இரு பக்கமும் இன்னோர் அடுக்கு டேப் ஒட்டுங்கள். கோணம் ஒரு பாகை கூடும். தட்டையான மரப்பலகையில் அரை மைக்ரோன் வைரப் பசை தடவி, வாய் பின்னால் வர மிக மென்மையாக இருபது இழுப்பு. இந்தச் சிறு சரிவுதான் வாயை உதிராமல் காக்கும்.

கூர் சோதிக்க விரலை வாயின் நீளத்தில் ஓட்ட வேண்டாம். முன்கை மயிரில் தோலைத் தொடாமல் மேலாக ஓட்டிப் பார்த்தால் போதும்.

மழுங்கினால் என்ன செய்வது?

இங்கே தோல்வாருக்கு வேலை இல்லை. வைரப் பசை தடவிய பலகையில் சில இழுப்புகள் கொடுப்பதே அன்றாடத் தீட்டுதல். அதிலும் சரியாகவில்லை என்றால் 1 மைக்ரோன் தாளுக்குத் திரும்புங்கள். கண்ணுக்குத் தெரியும் அளவு சில்லு பெயர்ந்திருந்தால், 1,000 எண் தட்டிலிருந்து எல்லாப் படிகளையும் மறுபடி செய்ய வேண்டும். கழுவும் தொட்டியில் தட்டினாலோ தரையில் விழுந்தாலோ, கண்ணாடியால் வாயைப் பார்க்காமல் முகத்தில் வைக்கக் கூடாது.

யாருக்குப் பயன்படுத்தக் கூடாது?

இந்தப் பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

குழந்தைக்கு முடி இறக்கும்போது வீட்டில் செய்த பீங்கான் கத்தியை எடுக்கவே கூடாது. குழந்தையின் தலைத்தோல் மெல்லியது, உச்சிக்குழி மூடியிருக்காது, குழந்தை எந்த நொடியில் தலையைத் திருப்பும் என்று சொல்ல முடியாது. உதிரும் சில்லு தோலுக்குள் போனால் அதைத் தேடி எடுப்பதும் கடினம். தைப்பூசத்தில் மொட்டை போடும் இடங்களில் ஒவ்வொருவருக்கும் புதிய பிளேடு மாற்றச் சொல்லிக் கேட்பதில் தயக்கமே தேவையில்லை.

மற்றவர்களுக்கும் இது பொருந்தும். சவரத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், இரத்தம் கசியும். ஹெப்படைட்டிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே ஏழு நாளாவது உயிரோடு இருக்கும். மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கு அந்தத் தடுப்பூசி தேசியத் திட்டத்தில் 1989இல்தான் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் பிறந்தவர்களில் பலர் குழந்தையாக அதைப் போட்டிருக்க மாட்டார்கள். ஹெப்படைட்டிஸ் சி, எச்.ஐ.வி. இரண்டுக்கும் தடுப்பூசியே இல்லை.

பீங்கான் துருப்பிடிக்காது என்பதால் அது கிருமியற்றது என்று ஆகிவிடாது. முழுமையாகக் கிருமி நீக்க அழுத்த நீராவியில் 121 பாகை வெப்பம் வேண்டும். சாதாரண எபோக்சி பசையும் மரப்பிடியும் அதைத் தாங்காது. எனவே இந்தக் கத்தி ஒருவருக்கு மட்டுமே உரியது. அண்ணன் தம்பிக்குள்கூடப் பகிர வேண்டாம். ஊராட்சி மன்ற உரிமம் பெற்று நடத்தும் முடி திருத்தும் நிலையங்களுக்கு, ஆளுக்கொரு பிளேடு மாற்றும் கத்திதான் சரி.

இன்னோர் எச்சரிக்கை தூசு பற்றியது. தரை ஓட்டையும் பழைய கோப்பையையும் உலர வைத்துத் தேய்த்தால் கிளம்பும் தூசில் படிக மணல் கலந்திருக்கும். அது நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்ற தீராத நோயைத் தரும். எந்தப் பீங்கானாக இருந்தாலும் தண்ணீரோடு தேயுங்கள். காய்ந்த சேற்றைப் பெருக்காமல், ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

பீங்கான் உண்மையில் உதவும் இடம்

இவ்வளவு பாடுபட்டுச் செய்த பீங்கான் கத்தி மயிரை வெட்டும். ஆனால் நல்ல எஃகுக் கத்தி தரும் வழவழப்பான சவரத்தை எதிர்பார்க்க முடியாது. எஃகின் வாயை அரை மைக்ரோனுக்கும் கீழே மெல்லியதாக்கி, உடையாமல் வைத்திருக்கலாம். பீங்கானில் அதன் மணி அளவே குறுக்கே நிற்கிறது.

ஆனால் எஃகைத் தீட்டும் கல்லாகப் பீங்கான் அருமையான பொருள். கோப்பையைக் கவிழ்த்து, மெருகு பூசாத அடி வளையத்தில் காய்கறிக் கத்தியைத் தீட்டும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அது சரியான அறிவுதான். சுட்ட பீங்கான் எஃகைவிடக் கடினம். சவரக்கத்திக்கு மட்டும் அந்த வளையம் போதாது. குறுகலாகவும் சமமில்லாமலும் இருக்கும். அதற்கென அலுமினா பீங்கானில் தட்டையாகச் செய்த மெருகுக் கற்கள் கிடைக்கின்றன. மேற்கு நாடுகளில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பல பத்தாண்டுகள் முடிதிருத்துநர்கள் சட்டைப்பையில் அடங்கும் சிறு கற்களை வைத்திருந்தார்கள். அவற்றில் பல, அரைபொடியைக் குழைத்துச் சூளையில் சுட்டவைதான்.

எனவே இந்தக் கைவேலையில் ஆர்வம் உள்ளவர் எஃகிலிருந்து தொடங்குவதே நல்லது. பழைய மடக்குக் கத்தி ஒன்று வீட்டிலேயே கிடைக்கலாம். அதை 1,000, 4,000, 8,000 எண் கற்களில் படிப்படியாகத் தீட்டி, பீங்கான் கல்லில் மெருகேற்றி, தோல்வாரில் முப்பது நாற்பது இழுப்பு இழுக்கப் பழகட்டும். தவறு செய்தாலும் எஃகு பொறுத்துக்கொள்ளும், பீங்கான் பொறுக்காது.

கற்றுத்தர ஆளும் இன்னும் இருக்கிறார்கள். லயத்து வீடுகளுக்குச் சைக்கிளில் வந்து மரத்தடியில் முகம் மழித்துவிட்டுப் போன பெரியவர்களின் கைப்பழக்கம், குளுவாங், சிகாமட், லாபிஸ், ஜொகூர் பாரு என நம் ஊர்களில் இன்றும் கடை வைத்திருக்கும் மூத்த முடிதிருத்துநர்கள் சிலரிடம் எஞ்சியிருக்கிறது. பிளேடு மாற்றும் கத்தி வந்த பிறகு அவர்களுக்கும் கல்லை எடுக்க வேண்டிய வேலை குறைந்துவிட்டது. அடுத்த முறை முடி வெட்டப் போகும்போது, கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, “அண்ணே, பழைய கத்தியை எப்படித் தீட்டுவீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். கத்தி கல்லில் எந்த அழுத்தத்தில் படுகிறது, வார் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதையெல்லாம் அவர்கள் கையைப் பார்த்துத்தான் கற்க முடியும்.